சான்று வரும் வரை

உட்கார நாற்காலி கொடுத்ததற்கு நன்றி. எங்கள் தொழிலில் நாற்காலி என்பது மற்றவர்களை உட்கார வைப்பதற்கு. நாங்கள் அதைத் தள்ளுவோம், துடைப்போம், பின்னால் பிடித்துக்கொண்டு நிற்போம். உட்கார்ந்து பேசிப் பழக்கம் குறைவு. எங்கேயாவது சுற்றி வளைத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கூப்பிடாமல் நானாக ஏன் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன் என்று கேட்டீர்கள். வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும். நான் எங்கும் ஓடிப்போகப் போவதில்லை. முழங்கால் அதற்கு ஒத்துழைக்காது.

எங்கள் வீட்டுப் பராமரிப்புச் சேவையில் எல்லோருக்கும் நான் பெரியக்கா. படுக்கையில் விழுந்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், வயதானவர்கள் இருக்கும் வீடுகளுக்குப் போய்க் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டி, மருந்து கொடுத்து, வீட்டுக்காரர்கள் திரும்பி வரும் வரை பார்த்துக்கொள்வது வேலை. இதில் சேருவது சுலபம். சான்று வாங்குவதுதான் பாடு. இதற்குமுன் எந்த ஊரில் இருந்தாய், எங்கே வேலை பார்த்தாய், உன்மேல் ஏதாவது வழக்கு உண்டா என்று சரிபார்ப்பு அலுவலகம் ஊர் ஊராக விசாரிக்கும். எல்லா ஊரிலிருந்தும் பதில் வந்த பிறகுதான் சான்று. முன்பெல்லாம் சில வாரங்களில் வந்துவிடும். இப்போது அங்கே ஆள் குறைவு, கோப்பு அதிகம். கர்ப்பமாக இருக்கும்போது எழுதிப் போட்டால் பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போது வரும் என்று எங்கள் ஓய்வறையில் கேலி பேசுவோம்.

சான்று வராதவர்களை வீட்டுக்கு அனுப்பினால் பாதி நோயாளிகளைப் பார்க்க ஆளிருக்காது. அதனால் எங்கள் மேலாளர் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். சான்று உள்ளவர் கழுத்தில் நீல அட்டை. இல்லாதவர் கழுத்தில் மஞ்சள் அட்டை. மஞ்சள் அட்டை எந்நேரமும் நீல அட்டையின் கண்ணெதிரில் இருக்க வேண்டும். நோயாளியோடு ஒரு நிமிடம்கூடத் தனியாக இருக்கக் கூடாது. நீல அட்டை குளியலறைக்குப் போனால் மஞ்சள் அட்டை வாசலுக்கு வெளியே போய் நிற்க வேண்டும்.

நல்ல விதிதான். நீல அட்டையை யார் பார்த்துக்கொள்வது என்று மட்டும் அதில் இல்லை.

நான் பார்த்துக்கொண்டது ஒரு கணக்கு டீச்சரை. மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. மகளோடு இருந்தார். மகள் காலையில் வேலைக்குப் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வருவாள். டீச்சருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. இனி வராது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் அதை ஏற்றுக்கொண்டேன். எங்களுக்குள் பேச்சு தேவைப்படவில்லை. அவர் கண்ணை ஓட்டினால் என்ன வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிடும். ஆறு வருஷம். எனக்கு வீட்டில் யாரும் இல்லை. இரக்கத்துக்காகச் சொல்லவில்லை, நீங்கள் எப்படியும் கேட்பீர்கள்.

டீச்சருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தொண்டைத் தசை தளர்ந்துவிட்டதால் வெறும் தண்ணீர் குடிக்கக் கூடாது. நமக்குத் தண்ணீர் விழுங்குவது எளிது. அவருக்கு அது நழுவி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அதற்காக ஒரு பொடி இருக்கிறது. தண்ணீரில் கலந்தால் பாகு மாதிரி கெட்டியாகும். தண்ணீர், பால், பழச்சாறு எதுவானாலும் அந்தப் பொடி போட்டு, மூடி போட்ட குவளையில் ஊற்றி, அதன் மூக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். பொடி கலக்குவது நீல அட்டையின் வேலை.

என் முழங்கால் படுத்த ஆரம்பித்ததும் மேலாளர் எனக்குத் துணையாக ஒரு மஞ்சள் அட்டையை அனுப்பினார். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி. வாய் ஓயாது. முதல் நாள் மகள், "நீங்கதான் புதுசா?" என்று கேட்டாள். அதுவே பெயராகிவிட்டது. புதுசு.

"என்னக்கா, ஆறு மாசமாச்சு, இன்னும் நான் புதுசு. பழசாகறதுக்குள்ள வயசாகி எனக்கே ஒரு மஞ்சள் அட்டை தேவைப்படும் போல, பக்கத்துல நின்னு பாத்துக்க," என்பாள்.

சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் மஞ்சள் அட்டைக்குப் பாதிச் சம்பளம். புருஷனை விட்டு வந்தவள். மகளைத் தன் அக்கா வீட்டில் விட்டிருந்தாள். சான்று வந்து முழுச் சம்பளம் கைக்கு வந்ததும் ஓர் அறை எடுத்து மகளைக் கூட்டி வந்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. அக்கா வீட்டில் பிள்ளை தட்டில் மிச்சம் வைக்கப் பயப்படுகிறாள் என்று ஒருநாள் சொன்னாள். அதைச் சொன்னபோது மட்டும் சிரிக்கவில்லை.

எனக்கு அவள் மேல் எந்தக் கோபமும் இல்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

டீச்சருக்கு ஊட்டும்போது புதுசு தொணதொணத்துக்கொண்டே இருப்பாள். நான் அமைதியாக ஊட்டுகிறவள். சாப்பிடும்போது பேசினால் விழுங்குவது கெடும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். புதுசுக்கும் சொன்னேன். "சரிக்கா," என்றுவிட்டு இரண்டு கரண்டிக்கு வாயை மூடிக்கொண்டிருப்பாள். மூன்றாவது கரண்டியில் ஆரம்பித்துவிடுவாள்.

ஒருநாள் கணக்கில் இறங்கினாள்.

"டீச்சர், ஏழெட்டு நாப்பத்தெட்டு. சரிதானே?"

டீச்சரின் புருவம் சுருங்கியது.

"இல்லையா? அப்போ அம்பத்திநாலு. எங்க வாத்தியார் அப்படித்தான் சொல்லிக் குடுத்தார். அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

டீச்சரின் இடது கை நாற்காலிக் கையில் தட்டியது. வாய் கோணியது. எங்கேயோ ஆழத்திலிருந்து ஒரு சத்தம் புறப்பட்டு, பல்லில் முட்டி, வெளியே வந்தது.

"த... தப்பு."

புதுசு கரண்டியைக் கீழே போட்டுவிட்டு அழுதாள். டீச்சர் அவளை முறைத்துக்கொண்டே இன்னொரு முறை சொன்னார். முகத்தில் ஒரு பக்கம் மட்டும் சிரிப்பு வந்தது. ஆறு வருஷத்தில் நான் அந்தச் சிரிப்பைப் பார்த்ததில்லை. இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

நான் எழுந்தேன். "குளியலறைக்குப் போகணும்," என்றேன்.

புதுசு கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே போய் நின்றாள். விதி அப்படி. நான் குளியலறைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். வெளியே வந்தபோது டீச்சர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு எனக்கு அடிக்கடி குளியலறைக்குப் போக வேண்டியிருந்தது. அவர்கள் இரண்டு பேரும் வாய்ப்பாட்டில் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது நான் எழுந்தால் போதும், புதுசு வெளியே போய்விட வேண்டும். படிக்கட்டுத் திருப்பத்தில் சுவரில் சாய்ந்து நிற்பாள். மேல்மாடிக்காரர்கள் ஏறி இறங்கும்போது ஒதுங்கி வழிவிடுவாள். "அக்கா, டாக்டர்கிட்ட காட்டுங்கக்கா, இது சர்க்கரையா இருக்கப்போகுது," என்று என்னைப் பற்றிக் கவலைப்பட்டாள். பொய்யில்லை, உண்மையான கவலை. அவள் அப்படித்தான்.

விடுமுறை நாளில் மகள் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டுப் பேசினாள்.

"அம்மா பேசறாங்க பெரியக்கா. நேத்து என் கணக்கையே தப்புன்னாங்க. எனக்கு எப்படி இருக்குன்னு சொல்லத் தெரியலை."

"நல்லதும்மா," என்றேன்.

"புதுசுக்குச் சான்று வந்ததும் முழு நேரத்துக்கு அவங்களையே வெச்சுக்கலாம்னு பாக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க. நீங்களும் எத்தனை நாள் அந்த முழங்காலோட மூணு மாடி ஏறுவீங்க? மேலாளர் சார்கிட்ட நானே பேசி உங்களுக்குத் தரைத்தளத்துல ஒரு வீடாக் கேக்கறேன்."

அன்போடுதான் சொன்னாள். அவள் முகத்தில் வேறு எதுவும் இல்லை. நான் பாத்திரத்தைத் துடைத்து அடுக்கினேன். நல்ல யோசனை என்று சொன்னேன்.

அந்த வாரமே ஒருநாள், கையுறை வாங்கிவர எங்கள் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். எழுத்தர் சாப்பிடப் போயிருந்தார். மேசைத் தொலைபேசி அடித்தது. எடுத்தேன். சரிபார்ப்பு அலுவலகத்திலிருந்து ஒரு பெண். அலுத்துப்போன குரல். புதுசின் கோப்பு அவள் கையில் இருந்தது. எல்லா ஊரிலிருந்தும் பதில் வந்துவிட்டது, ஓர் ஊரிலிருந்து வந்த பதில் மட்டும் வேறு பெயரில் இருக்கிறது, கல்யாணத்துக்கு முந்தைய பெயராக இருக்கலாம், இரண்டும் ஒரே ஆள்தான் என்று உங்களில் யாராவது உறுதி சொன்னால் இன்றைக்கே முடித்துவிடுவேன் என்றாள். பெயரைப் படித்தாள்.

எனக்கு அந்தப் பெயர் தெரியும். கல்யாணத்துக்கு முன் தன்னை அப்பா எப்படிக் கூப்பிடுவார் என்று புதுசு டீ குடிக்கும்போது என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

"அப்படி யாரையும் எனக்குத் தெரியாதும்மா," என்றேன். "வேற ஆளா இருக்கும்."

"அப்போ மறுபடி அந்த ஊருக்கே எழுதணும். கடைசி வரிசைக்குப் போயிடும், பரவாயில்லையா?"

"என்ன செய்யறது? சரியாத்தானே பாக்கணும்."

யோசித்துப் பாருங்கள், ஒருவரின் பழைய பெயரை நாம் எப்படி உறுதியாகச் சொல்ல முடியும்? அவள் சொன்னாள், நான் கேட்டேன், அவ்வளவுதான். சாட்சி கேட்டால் இல்லாததைச் சொல்லக் கூடாது. இப்படித்தான் அன்று பஸ்ஸில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கோப்பு கடைசி வரிசைக்குப் போனதைப் புதுசிடம் மேலாளர் சொன்னபோது அவள் கழுத்து அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "என் கோப்புக்கும் முழங்கால் வலி போலிருக்குக்கா," என்றாள். நான் அவள் தோளைத் தட்டிக் கொடுத்தேன்.

எனக்கு நேரம் கிடைத்தது. அந்த நேரத்தில் டீச்சர் என் பக்கம் திரும்பிவிடுவார் என்று நம்பினேன். புதுசு வாயாடிதான், கைப்பக்குவம் யாருக்கு என்று அவருக்குத் தெரிந்தால் போதும். அதனால் ஒன்று செய்தேன். நான் கொடுக்கும் குவளைக்குப் பொடியைச் சரியாகப் போட்டேன். புதுசு கொடுக்க வேண்டிய குவளைக்குக் கொஞ்சம் குறைத்துப் போட்டேன். மூடி போட்ட குவளை, உள்ளே இருப்பது வெளியே தெரியாது. அவள் கொடுத்தால் டீச்சருக்குப் புரையேறும். நான் கொடுத்தால் ஏறாது.

கெடுதல் செய்யும் எண்ணம் இல்லை. வெறும் இருமல்தான். இருமினால் நான் ஓடிப்போய் முன்னால் சாய்த்துப் பிடித்து முதுகைத் தட்டுவேன். டீச்சர் என் தோளில் தலையைச் சாய்ப்பார். ஆறு வருஷமாகச் சாய்த்த தோள்.

ஆனால் இருமி முடித்துக் கண்ணில் நீரோடு அவர் இடது கையை நீட்டியது புதுசிடம்தான். அவள் பயந்துவிடக் கூடாதாம். அவளை ஆறுதல்படுத்துகிறாராம்.

சில நாள் கழித்துப் பொடி கலக்கும் வேலையையும் புதுசுக்குப் பழக்க ஆரம்பித்தேன். "சான்று வந்தா நீதானே செய்யணும்," என்று நான் பக்கத்தில் நின்று கலக்கச் சொல்வேன். அவளுக்கு ஒரே பெருமை. சில நேரம் அவள் கலப்பாள், சில நேரம் நான். எது யார் கலந்தது என்று அவளுக்கே குழப்பமாகிவிடும். அப்போது நான் அதையெல்லாம் திட்டம் போட்டுச் செய்யவில்லை. பின்னால் பயன்பட்டது.

அன்றைக்குக் காலை டீச்சரை ஜன்னல் பக்கம் உட்கார வைத்திருந்தோம். நல்ல வெயில். புதுசு அவருக்கு நகம் வெட்டிக்கொண்டே பதினாறாம் வாய்ப்பாட்டைக் கொலை செய்துகொண்டிருந்தாள். நான் அடுப்படிக்குப் போய்க் குவளையில் தண்ணீர் எடுத்தேன். பொடி டப்பாவைத் திறந்தேன். ஜன்னல் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. டீச்சர் சத்தமாகச் சிரிக்கிறார். டப்பாவை மூடினேன். குவளையையும் மூடினேன். இரண்டையும் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, "தண்ணி குடு. நான் உள்ள போயிட்டு வரேன்," என்றேன்.

புதுசு வழக்கம்போல எழுந்தாள். டீச்சர் அவள் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "விடுங்க டீச்சர், பெரியக்கா வந்துரட்டும்," என்று கெஞ்சினாள். விடவில்லை. அவள் குளியலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். எங்கள் விதியை அவள் மீறியது அந்த ஒரு முறைதான்.

நான் கதவை முழுசாகச் சாத்தவில்லை.

முதல் மடக்கு உள்ளே போனதும் டீச்சருக்குத் தெரிந்துவிட்டது. நாக்குக்குத் தெரியும் அல்லவா? குவளையைத் தள்ளப் பார்த்தார்.

"தப்பு," என்றார்.

புதுசு சிரித்தாள். "நான் இன்னும் கணக்கே சொல்லலை, அதுக்குள்ள தப்பா?"

"தப்பு. தப்பு."

அப்போதே புரையேறிவிட்டது. "யாரோ நினைக்கறாங்க டீச்சர். யாரு இப்படி விடாம நினைக்கறது?" என்று உச்சந்தலையைத் தட்டினாள். இருமல் நிற்கட்டும் என்று இன்னொரு மடக்கு கொடுத்தாள். யாருமே அப்படித்தான் செய்வார்கள். டீச்சர் அவள் தோளுக்கு மேலே குளியலறைக் கதவைப் பார்த்தார். நான் இருக்கும் இடம் அவருக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் வெளியே வரவில்லை. டீச்சரின் முகம் நீலமாக மாற, புதுசு அலறிய பிறகுதான் வந்தேன். சாய்த்துப் பிடித்தேன். முதுகைத் தட்டினேன். மூச்சு திரும்பியது. குவளையில் மிச்சம் இருந்ததைக் கொட்டிக் கழுவி வைத்தேன்.

"பொடி போட்டிருந்தீங்களாக்கா?" என்று கேட்டாள்.

"நீ போடலையா? டப்பாவை உன் பக்கத்துலதானே வெச்சேன்."

அவள் டப்பாவைப் பார்த்தாள். குவளையைப் பார்த்தாள். "ஐயோ," என்றாள், மெதுவாக.

மாலையில் காய்ச்சல். நுரையீரலில் நீர் இறங்கிச் சீழ் பிடித்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மேலாளர் வந்து விசாரித்தார். நான் குளியலறைக்குப் போயிருந்தேன், அவள் வெளியே போயிருக்க வேண்டும், போகவில்லை, பொடியும் போடவில்லை என்றேன். அதற்கு மேல் அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "இத்தனை மாசமா சான்று வராம நிக்குதுன்னா சும்மாவா பெரியக்கா? ஏதோ இருக்கப்போய்த்தான் நிக்குது. நீங்க ஒருத்தர் எத்தனைதான் பாப்பீங்க?" என்றார். மஞ்சள் அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். வார்டு வாசலில்கூட அவளை விடவில்லை.

டீச்சரின் கடைசி நாட்களில் நான்தான் பக்கத்தில் இருந்தேன். முகத்தில் மாட்டிய ஆக்ஸிஜன் குழாய்க்கு மேலே அவர் கண் மட்டும் அலைந்துகொண்டிருக்கும். கதவைப் பார்க்கும், சுவரைப் பார்க்கும், மறுபடி கதவைப் பார்க்கும். என்னைத்தான் தேடினார் என்று நினைக்கிறேன். நான் கட்டிலை ஒட்டித்தான் நின்றிருந்தேன்.

அவர் போய்ச் சில வாரம் கழித்துப் புதுசின் சான்று வந்தது. ஒரு குறையும் இல்லை. மேலாளர் அதை இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு மேசை இழுப்பறைக்குள் போட்டார்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அவளே இங்கே வந்து, நான்தான் பொடி போட மறந்தேன் என்று எழுதிக் கொடுத்தாள். அது பொய். ஆனால் பொய் என்று அவளுக்குத் தெரியாது. நினைத்து நினைத்துப் பார்த்து, மறந்ததாகவே அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. என் வீட்டுக்கும் வந்தாள். என் காலைப் பிடித்துக்கொண்டு, "உங்க பேரையும் கெடுத்துட்டேனேக்கா," என்று அழுதாள். நான் அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். அப்போதுகூட எனக்கு இங்கே வரத் தோன்றவில்லை. உண்மையைச் சொல்கிறேன்.

நேற்றுச் சாயங்காலம் டீச்சர் வீட்டுக்குப் போனேன். மகளைப் பார்த்து நாளாகிவிட்டது. மூன்று மாடி ஏறி, படிக்கட்டுத் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றேன். கதவு திறந்திருந்தது. உள்ளே மகளும் புதுசும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். புதுசு பக்கத்தில் ஒரு சின்னப் பெண், அவள் மகளாகத்தான் இருக்கும்.

"அழாதீங்க," என்று மகள் சொல்லிக்கொண்டிருந்தாள். "அம்மாவை மறுபடி பேச வெச்சது நீங்க. கடைசித் தண்ணியும் உங்க கையாலதான்னு இருந்திருக்கு. நான் கோபப்பட்டுப் பாத்துட்டேன், முடியலை. அம்மாவுக்கு உங்களைப் பிடிச்சிருந்தது. எனக்கு அது போதும்."

இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள். பிறகு ஏதோ கணக்கைச் சொல்லிச் சிரித்தார்கள். என்னைப் பற்றியும் பேச்சு வந்தது. "பெரியக்கா பாவம், அவங்க வேலையை அவங்க ஒழுங்காச் செஞ்சாங்க," என்றாள் மகள். அவ்வளவுதான். நான் உள்ளே போகவில்லை. இறங்கி வந்துவிட்டேன். ராத்திரி முழுக்க யோசித்துவிட்டு இங்கே வந்தேன்.

இப்போது எழுதிக்கொள்ளுங்கள். பொடி போடாதது நான். தெரிந்துதான் போடவில்லை. குவளையை மூடிக் கொண்டுவந்து வைத்தது நான். கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தது நான். அவள் எழுதிக் கொடுத்ததைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். அவள் நல்லவள். மகளோடு எங்கேயாவது நன்றாக இருக்கட்டும். ஆனால் டீச்சரின் சாவில் அவளுக்கு எந்தப் பங்கும் கொடுக்காதீர்கள். அந்த வீட்டில் உட்கார்ந்து அவள் அழுவதற்கு அதில் ஒன்றுமே இல்லை. அது என்னுடையது. ஆறு வருஷம் பார்த்துக்கொண்டவள் நான்.